கிமீக்கு எவ்ளோ ஆகுது? பெட்ரோல், ஹைப்ரிட், ஈவி – வந்த கேள்விகளும் என் பதிலும்

முதல்ல என் கதைய சொல்லிடறேன், அப்பதான் நான் எந்த கணக்க வெச்சு பேசறேன்னு தெரியும். பெருங்களத்தூர் பக்கம் வீடு. ஒன்பது வருஷம் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஓட்டினேன், மூணு வருஷமா 30 யூனிட் பேட்டரி இருக்கற ஈவி, அதாவது முழுக்க கரன்ட்ல ஓடற கார். மச்சான் வெச்சிருக்கறது பெட்ரோல் இன்ஜினும் கரன்ட் மோட்டாரும் சேந்து ஓடற ஸ்ட்ராங் ஹைப்ரிட், அவர் பங்க் பில்ல எல்லாம் வாட்ஸாப்ல எனக்கு போட்டு விடுவாரு, ஏன்னா அவருக்கு என்கிட்ட ஜெயிக்கணும். அதனால மூணு வண்டிக்கும் நோட்டுல கணக்கு இருக்கு. ஊருக்குள்ளயும் ஹைவேலயும் கலந்து பெட்ரோல் லிட்டருக்கு 14, மச்சானோட ஹைப்ரிட் 21, என் ஈவி யூனிட்டுக்கு 6.7 கிமீ. இந்த 6.7ங்கறது மீட்டர்ல ஓடற யூனிட்டுக்கு, வண்டி டிஸ்ப்ளேல காட்டறது இத விட அழகா இருக்கும், ஏன்னா சார்ஜ் ஏறும்போது சூடா போற பத்து பதினஞ்சு பர்சன்ட அது சொல்லாது. பெட்ரோல் லிட்டர் 101னு வெச்சு போட்டிருக்கேன்.

கேள்வி (தாம்பரம்): அண்ணா, ஈவி கிமீக்கு ஒரு ரூபாதான்னு ஷோரூம்ல அடிச்சு சொல்றாங்க, நம்பலாமா? மாசம் 1000 கிமீ ஓடும். வீட்டு கரன்ட் ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் வருது.

அந்த ஒரு ரூபா யாரு வீட்டு ஒரு ரூபான்னு கேளுங்க தம்பி. நம்ம ஊர்ல கரன்டுக்கு ஒரே ரேட் கிடையாது, ஸ்லாப், ரெண்டு மாச பில்லுல யூனிட் ஏற ஏற ரேட்டும் படிப்படியா ஏறும். 2024 ஜூலைல மாறின ரேட்படி நம்ம கையில இருந்து போறது: முதல் 100 யூனிட் ஃப்ரீ, 101ல இருந்து 200 வரைக்கும் 2.35, அப்புறம் 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30, 600 வரைக்கும் 8.40, 800 வரைக்கும் 9.45, 1000 வரைக்கும் 10.50, அதுக்கு மேல 11.55. இதுல ஒரு குழி இருக்கு, மொத்தம் 500 தாண்டிட்டா அந்த 2.35 சலுகை போயிடும், 101ல இருந்தே 4.70 போடுவான்.

இப்ப உங்க வீட்ட போடுவோம். 400 யூனிட்டுக்கு 1,175 ரூபா கட்டிட்டு இருக்கீங்க. ரெண்டு மாசத்துல 2000 கிமீ ஓட்டினா வண்டி 300 யூனிட் இழுக்கும், மொத்தம் 700 ஆயிடும். பில்லு 3,825. வித்தியாசம் 2,650. அத 300ஆல வகுத்தா யூனிட் 8.83 ரூபா, கிமீக்கு 1 ரூபா 33 பைசா. பில்லு மொத்தத்த 700ஆல வகுத்து யூனிட் 5.46தானேன்னு சந்தோஷப்படறவங்கதான் ஜாஸ்தி, அது தப்பு கணக்கு. வண்டி வந்ததுனால கூடின காசு எவ்ளோன்னுதான் பாக்கணும், வண்டி எப்பவும் பில்லோட உச்சி ஸ்லாப்லதான் உக்காரும். எனக்கே முதல் பில்லு வந்தப்ப மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் தப்பா போட்டுட்டார்னு நெனச்சு சண்டைக்கு கெளம்பிட்டேன், அப்புறம் உக்காந்து கூட்டி பாத்தா சரியாத்தான் இருந்துச்சு.

இருந்தாலும் பாருங்க, அதே 1000 கிமீக்கு பெட்ரோல் வண்டினா மாசம் 7,200 கிட்ட, ஹைப்ரிட்னா 4,800 கிட்ட, ஈவிக்கு 1,325. ஷோரூம்காரர் சொன்ன ஒரு ரூபா இல்லதான், ஆனா அவர் சொன்ன திசை தப்பு இல்ல.

கேள்வி (அதே தம்பி): அப்ப கரன்ட் கம்மியா செலவு பண்ற வீட்டுக்கு இன்னும் லாபமா?

ஆமா. 200 யூனிட் வீடுனா இப்ப பில்லு 235. வண்டி 300 சேந்தா கரெக்டா 500ல நிக்கும், சலுகை போகாது, பில்லு 1,805. வண்டிக்கு யூனிட் 5.23 ஆகுது, கிமீக்கு 80 பைசாவுக்கும் கம்மி. இன்னொரு பக்கம் மூணு ஏசி ஓடற 800 யூனிட் வீடுனா வண்டி போய் 10.50லயும் 11.55லயும் உக்காரும், யூனிட் 10.85, கிமீக்கு 1.63. ஒரே வண்டி, ஒரே தெரு, வீடு மாறினா செலவு டபுள். அதனால கிமீக்கு எவ்ளோன்னு யாராவது கேட்டா நான் மொதல்ல ஈபி கார்ட காட்டுங்கன்னுதான் சொல்லுவேன்.

கேள்வி (மயிலாப்பூர்): தம்பி, எனக்கு வயசு 68. மாசம் 300 கிமீ தாண்டாது, கோயில், ஆஸ்பத்திரி, பொண்ணு வீடு அவ்வளவுதான். இப்ப இருக்கற பெட்ரோல் கார் பத்து வருஷம் ஆச்சு, நல்லாத்தான் ஓடுது. பையன் ஈவி வாங்குங்கறான்.

ஐயா, வாங்காதீங்க. வருஷத்துக்கு 3,600 கிமீ, லிட்டருக்கு 12னே வெச்சாலும் 300 லிட்டர், முப்பதாயிரம் ரூபா. ஈவி வந்தா அதுல ஒரு இருபத்தஞ்சாயிரம் மிஞ்சும், அதுக்காக பத்து பதினஞ்சு லட்சத்த முடக்கணுமா? அந்த காச டெபாசிட்ல போட்டா வர்ற வட்டில பெட்ரோலும் போட்டு சர்வீஸும் பண்ணிட்டு மீதியும் இருக்கும். வண்டி ரிப்பேர் மேல ரிப்பேர் வைக்க ஆரம்பிச்சா அப்ப யோசிங்க. பையன் சொல்றது அவருக்கு ஓட்ட ஆசையா இருக்கும், அது வேற.

கேள்வி (சேலம்): மூணு கோட்டேஷன் கையில இருக்கு, எல்லாம் ஆன்ரோடு. காம்பாக்ட் எஸ்யூவி பெட்ரோல் ஆட்டோ 13.4 லட்சம், ஸ்ட்ராங் ஹைப்ரிட் 20.4, ஈவி 15.6. மாசம் 1500 கிமீ. வீட்டு கரன்ட் 300 யூனிட். எத்தன வருஷத்துல போட்ட காசு வரும்?

வருஷம் 18,000 கிமீ. பெட்ரோல் செலவு 1 லட்சத்து 30 ஆயிரம், ஹைப்ரிட் 87 ஆயிரம். ஈவி ரெண்டு மாசத்துக்கு 450 யூனிட் இழுக்கும், உங்க பில்லு 705ல இருந்து 4,300க்கு போகும், வருஷத்துக்கு கூடறது 21,500 சொச்சம்.

ஈவிக்கு கூட போடற 2.2 லட்சம் ரெண்டு வருஷத்துல வந்துடும், வயரிங் செலவு, இன்சூரன்ஸ் கூடுறது எல்லாம் சேத்தா ரெண்டரைன்னு வைங்க. ஹைப்ரிட்ல 7 லட்சம் கூட போட்டு வருஷம் 43 ஆயிரம் மிச்சம் புடிச்சா 16 வருஷம். அது நியாயமான ஒப்பீடு இல்லன்னு மச்சான் சண்டைக்கு வருவாரு, அவர் சொல்றதும் சரிதான், ஹைப்ரிட் வர்றது அடுத்த சைஸ் பெரிய வண்டில, அதே வண்டியோட சாதா பெட்ரோல் ஆட்டோவோட வெச்சு பாத்தா வித்தியாசம் பாதியா குறையும். 3 லட்சம்னு வெச்சாலும் 7 வருஷம்.

ஏன் ஹைப்ரிட் இவ்ளோ விலைன்னா வண்டி மட்டும் காரணம் இல்ல, வரி. ஈவிக்கு ஜிஎஸ்டி 5 பர்சன்ட். 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாத்தினாங்க இல்லையா, அப்பவும் நாலு மீட்டருக்கு மேல நீளம் இருக்கற இன்ஜின் வண்டி 40 பர்சன்ட்லதான் வருது, அது ஹைப்ரிட்டா இருந்தாலும் சரி. அதுக்கு மேல நம்ம ஊர்ல பத்துல இருந்து இருபது லட்சம் வரைக்கும் ரோடு டாக்ஸ் 18 பர்சன்ட். உத்தரப்பிரதேசத்துல 2024ல ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் டாக்ஸ தள்ளுபடி பண்ணாங்க, அப்ப அங்க இருந்திருந்தா என் பதிலே வேற மாதிரி இருந்திருக்கும். ஈவிக்கு நம்ம ஊர்ல குடுத்துட்டு வந்த ரோடு டாக்ஸ் விலக்கு தேதி போட்டு குடுக்கற சலுகை, புக் பண்றதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்லயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, சேல்ஸ்மேன் வாய் வார்த்தைய நம்பாதீங்க.

கேள்வி (வடவள்ளி): அண்ணா நான் மாசத்துக்கு ரெண்டு தடவ கோவை டூ சென்னை. ஈவி சரி வருமா?

கிமீக்கு ஒண்ணேகால் ஒண்ணரைங்கறதெல்லாம் வீட்ல சார்ஜ் போட்டாதான், இத பெரிய எழுத்துல எழுதி ஒட்டிக்கோங்க. ஹைவேல ஃபாஸ்ட் சார்ஜர் யூனிட் 18ல இருந்து 20க்கு மேல, அதுக்கு 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, கையில இருந்து போறது 24 ரூபான்னு நான் கணக்கு வெச்சுக்கறேன். அதோட நூறுக்கு மேல போனா வண்டி யூனிட்டுக்கு 5.7தான் குடுக்குது, காத்த கிழிச்சுட்டு போகணும்ல.

போக வர 1000 கிமீ. கெளம்பும்போது வீட்ல ஃபுல் பண்ண 30 யூனிட் 264 ரூபா, மீதி எல்லாம் வழில. எனக்கு போன தடவ 3,760 கிட்ட வந்துச்சு. மச்சான் வண்டி ஹைவேல 19 குடுக்கும், அவருக்கு 5,300. பெட்ரோல் 16 குடுத்தா 6,300. ஈவி இன்னும் கம்மிதான், ஆனா நாலு மடங்கு அஞ்சு மடங்கு வித்தியாசம் எல்லாம் பறந்து போச்சு, ஹைப்ரிடுக்கும் அதுக்கும் நடுவுல 1,500 ரூபாதான். அந்த 1,500க்கு ஒவ்வொரு பக்கமும் மூணு நாலு எடத்துல முக்கா மணி நேரம் நிக்கணும், தீபாவளி பொங்கல்னா எனக்கு முன்னாடி நாலு வண்டி நிக்கும். உங்கள மாதிரி ஓட்டம் முழுக்க ஹைவேலன்னா ஒண்ணு பெரிய பேட்டரி எடுங்க இல்லன்னா ஹைப்ரிட் எடுங்க, மச்சான் இத படிச்சா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குவாரு, பரவால்ல.

கேள்வி: ஸ்மார்ட் ஹைப்ரிட்னு வண்டி பின்னாடி எழுதியிருக்கு, ஆனா மைலேஜ் சாதா வண்டி மாதிரிதான் வருது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தல, பேரு பெருசு. அது மைல்டு ஹைப்ரிட். சிக்னல்ல இன்ஜின் ஆஃப் ஆகும், கெளம்பும்போது சின்னதா ஒரு தள்ளு குடுக்கும், மோட்டார்ல மட்டும் வண்டி நகராது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்னா மோட்டார் மட்டுமே வண்டிய இழுக்கும், ட்ராஃபிக்ல பாதி நேரம் இன்ஜின் சத்தமே கேக்காது. கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் டெஸ்ட்ல 27.97 காட்டுச்சு, ரோட்டுல 20, 22. ட்ரைவ் பண்ணி பாக்கும்போது ப்ரேக்ல கால வெச்சு மெதுவா விட்டு பாருங்க, இன்ஜின் எந்திரிக்காம வண்டி நகந்தா ஸ்ட்ராங்.

ட்ராஃபிக்னதும் ஞாபகம் வருது, வேளச்சேரி ரோட்ல ஒரு மணி நேரம் ஏசி போட்டு நின்னா பெட்ரோல் வண்டி முக்கால்ல இருந்து ஒரு லிட்டர் குடிச்சிடும், நூறு ரூபா காலி. ஈவி ஒண்ணு ஒண்ணரை யூனிட், பத்து பதிமூணு ரூபா. சென்னைல ஈவியும் ஹைப்ரிடும் ஜெயிக்கறது ஓடும்போது இல்ல, நிக்கும்போதுதான்.

கேள்வி (மதுரை): எட்டு வருஷம் கழிச்சு பேட்டரி போச்சுன்னா அஞ்சாறு லட்சம்ங்கறாங்களே, அத ஏன் உங்க கணக்குல சேக்கல?

நல்ல கேள்வி. இப்ப விக்கற ஈவி எல்லாத்துக்கும் பொதுவா 8 வருஷம் இல்லன்னா 1 லட்சத்து 60 ஆயிரம் கிமீ பேட்டரி வாரன்டி. சில மாடலுக்கு அத விட ஜாஸ்தி. நீங்க மாசம் 1000 ஓட்டினா எட்டு வருஷத்துல 96 ஆயிரம்தான். பேட்டரி பல்பு மாதிரி ஒரு நாள் பட்டுனு போறது அபூர்வம், கொஞ்சம் கொஞ்சமா ரேஞ்ச் குறையும். என் வண்டி 48 ஆயிரம் கிமீ ஆச்சு, குறைஞ்சிருக்குன்னு கூர்ந்து பாத்தாதான் தெரியுது.

ஆனா நீங்க கேக்கறதுல ஒரு நியாயம் இருக்கு, அது விக்கும்போது தெரியும். பழைய ஈவி வாங்க வர்றவர் இதே கேள்விய என்கிட்ட கேட்டு விலைய அடிப்பாரு. பெட்ரோல் வண்டி விலை போற அளவுக்கு ஈவி போறதில்ல இன்னிக்கு. அதனால மூணு வருஷத்துக்கு ஒருக்கா வண்டி மாத்தறவங்களுக்கு நான் ஈவி சொல்றதில்ல, வாங்கினா ஓட்டி தேய்க்கணும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): வணக்கம் அண்ணை. என்னட்டை 2013 டொயோட்டா அக்வா ஹைப்ரிட் ஒண்டு நிக்குது. முந்தி லீற்றருக்கு 22 ஓடினது, இப்ப 16தான் ஓடுது. கராஜ்காரர் ஹைப்ரிட் பற்றரிய மாத்தச் சொல்லுறார். மாத்தினா கட்டுமோ?

வணக்கம் தம்பி. உங்க ஊர்ல 2020ல இருந்து 2025 பிப்ரவரி வரைக்கும் கார் இறக்குமதிய நிறுத்தி வெச்சதுல பழைய அக்வாவுக்கும் தங்க விலை ஆயிடுச்சுன்னு சொல்லுவாங்க, அதனால வண்டிய கைவிடறது கேள்வியே இல்ல.

உடனே பேட்டரிய மாத்தாதீங்க. பின் சீட்டு கீழ ஓரத்துல பேட்டரிக்கு காத்து இழுக்கற ஃபேன் இருக்கும், அதுல தூசியும் முடியும் அடைச்சு பேட்டரி சூடாகி சக்தி இறங்கறதுதான் அக்வால ரொம்ப பாக்கறது. அத கழட்டி சுத்தம் பண்ண சொல்லுங்க. டயர் காத்து, ப்ரேக் புடிச்சுட்டு நிக்குதா, இஜிஆர் (புகைய திரும்ப இன்ஜினுக்குள்ள விடற வால்வு) கரி அடைச்சிருக்கா இதையும் பாருங்க, இன்ஜின் பக்கம் கோளாறா இருந்தாலும் மைலேஜ் இறங்கும். அப்புறமா ஸ்கேனர் போட்டு செல் வோல்டேஜ பாக்க சொல்லுங்க, உள்ள 20 மாட்யூல் இருக்கும், ஒண்ணு ரெண்டு மட்டும் மத்ததோட ஒத்து போகலன்னா அதுதான் பலவீனம். அந்த ரெண்ட மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல பக்கத்துல இருக்கற பழசு ஒண்ணு போகும், அதனால வண்டிய விக்கறதா இருந்தா அது போதும், வெச்சு ஓட்டறதா இருந்தா முழுசா மாத்தணும்.

கட்டுமான்னா, மாசம் 1000 கிமீக்கு 16ல 62 லிட்டர், 22ல 45 லிட்டர், 17 லிட்டர் மிச்சம். உங்க ஊர் பெட்ரோல் 300 ரூபா ஒட்டின்னா மாசம் 5,000, வருஷம் 60 ஆயிரம் இலங்கை ரூபா. கராஜ்காரர் சொல்ற விலைய இந்த 60 ஆயிரத்தால வகுத்து பாருங்க, மூணு வருஷத்துக்குள்ள வந்தா தாராளமா மாத்துங்க. கேரன்டிய மட்டும் எழுதி வாங்குங்க.

கேள்வி: ஈ20 பெட்ரோல் வந்ததுல இருந்து மைலேஜ் போச்சு, உண்மையா இல்ல மனப்பிரமையா?

உண்மைதான், ஆனா வாட்ஸாப்ல சொல்ற அளவுக்கு இல்ல. எத்தனால்ல பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு எரிசக்தி கம்மி. ஈ20ங்கறது அஞ்சுல ஒரு பங்கு எத்தனால், அதனால சுத்த பெட்ரோல விட ஆறேழு பர்சன்ட் சக்தி குறையும், முன்னாடி இருந்த ஈ10ல இருந்து பாத்தா மூணு நாலு. 15 குடுத்த வண்டி 14.4 குடுக்கும். 15 குடுத்தது 11 குடுக்குதுன்னா ஏர் ஃபில்டரையும் டயரையும் பாருங்க, எத்தனால் மேல பழி போட வேண்டாம்.

கேள்வி (பள்ளிக்கரணை, அபார்ட்மென்ட்): அண்ணா, பார்க்கிங்ல சாதா 15 ஆம்பியர் ப்ளக் இருக்கு, அதுலயே போட்டுக்கலாம்ல? தனி சார்ஜர் பெட்டி வாங்கணுமா?

அக்கா, அந்த மாதிரி ப்ளக்க நம்பி ஒரு தடவ பட்டவன் நான். அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரம் இழுக்கும், கார் ஒன்பது மணி நேரம் விடாம 3.3 கிலோவாட் இழுக்கும். எனக்கு வயரிங் பண்ண எலக்ட்ரீஷியன் பழைய லைன்லயே இழுத்து குடுத்துட்டாரு, ரெண்டாவது வாரம் காலைல போய் பாத்தா ப்ளக் முகம் உருகி கருப்பா இருக்கு. நல்ல வேளையா அதோட போச்சு.

பெட்டி தேவை இல்ல, ஆனா மீட்டர்ல இருந்து தனி லைன் வேணும், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி எம்சிபி (லோடு ஏறினா தானா ஆஃப் ஆகற ஸ்விட்ச்), நீல கலர்ல வரும் பாருங்க இன்டஸ்ட்ரியல் ப்ளக், அது. எர்த் சரியா இருக்கணும், இல்லன்னா வண்டி சார்ஜே ஏத்திக்காது, பழைய வீடுங்கள்ல எர்த்னு ஒரு வயர் சும்மா தொங்கிட்டு இருக்கும், மண்ணுல போயிருக்காது. உங்க ஃப்ளாட் மீட்டர்ல இருந்தே இழுங்க, காமன் மீட்டர்ல போட்டா ரேட்டும் வேற, அசோசியேஷன் மீட்டிங்ல உங்க பேரும் அடிபடும். பார்க்கிங்குக்கு மீட்டர் ரூம் தூரமா இருந்தா வயருக்கே பெரிய காசு போகும், அத வண்டி விலையோட சேத்துக்கோங்க.

கேள்வி: ஈவிக்கு இன்சூரன்ஸ் கம்மின்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல ஈவிக்கு 15 பர்சன்ட், ஹைப்ரிடுக்கு ஏழரை பர்சன்ட் தள்ளுபடின்னு 2022ல கொண்டு வந்தாங்க. ஆனா ஈவிக்கு ஸ்லாப் மோட்டார் பவர்ல போகுது. 65 கிலோவாட்டுக்கு மேலனா வருஷம் 6,712. ஆயிரத்துல இருந்து ஆயிரத்தி ஐநூறு சிசி பெட்ரோல் காருக்கு 3,416தான். சின்ன ஈவினா, 30ல இருந்து 65 கிலோவாட், 2,904. இப்ப வர்ற எஸ்யூவி ஈவி பெரும்பாலும் 65 தாண்டினதுதான். ஓன் டேமேஜ், அதாவது நம்ம வண்டி சேதத்துக்கு கட்டற பிரீமியமும் வண்டி விலைக்கு ஏத்த மாதிரி கூடும்.

பேட்டரி கவர்னு ஒரு ஆட்ஆன் இருக்கு, சென்னைல இருக்கறவங்க அத விடாதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம்ல வேளச்சேரி பாலத்து மேல வரிசையா கார நிறுத்தினது ஞாபகம் இருக்குல்ல. பேட்டரி பெட்டிக்குள்ள தண்ணி போகாத மாதிரிதான் செஞ்சிருக்காங்க, அதுக்காக ரெண்டு நாள் தண்ணிக்குள்ள ஊற போட்டு பாக்க முடியுமா. பெட்ரோல்காரங்களுக்கும் இன்ஜின் ப்ரொடெக்ட் அதே அளவு முக்கியம், தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணி இன்ஜின உடைச்சவங்க எங்க தெருவுலயே ரெண்டு பேர்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): ஊட்டி ஏறினா ஈவி சார்ஜ் பாதி காலியாயிடும்ங்கறாங்க. எறங்கும்போது திரும்ப வருமா?

இது எனக்கு புடிச்ச கேள்வி. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். ஆளோட சேத்து 1,700 கிலோ வண்டிய அந்த உயரத்துக்கு தூக்கறதுக்கு மட்டும் 8, 9 யூனிட் வேணும், இது இயற்பியல், எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் தப்ப முடியாது. 50 கிமீ ஓடறதுக்கு வழக்கமா ஆகற 7, 8 தனி. ஆக 16, 17 யூனிட், 30 யூனிட் பேட்டரில பாதி போறது நெசம்தான். எறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டரா மாறி பேட்டரிய ஏத்தும், அதுதான் ரீஜென், அதுல 5, 6 யூனிட் திரும்ப வரும், எறங்கி வந்து பாத்தா மேல இருந்தத விட சார்ஜ் ஏறியிருக்கும், முதல் தடவ பாக்கறவங்க ஃபோட்டோ எடுப்பாங்க.

ஆனா ஊட்டி ஹோட்டல்ல ராத்திரி 100 வரைக்கும் ஏத்திட்டு எறங்காதீங்க. பேட்டரி ரொம்பி இருந்தா வர்ற கரன்ட வாங்க எடம் இல்ல, ரீஜென் வேலை செய்யாது, ப்ரேக் புடிச்சு புடிச்சு சூடேறும். 80ல நிறுத்துங்க. ஹைப்ரிட்ல இருக்கற பேட்டரி ஒரு யூனிட்டுக்கும் கம்மி, நாலஞ்சு வளைவுலயே ரொம்பிடும், அதுக்கு மேல இன்ஜின் ப்ரேக்தான். ஏறும்போது மூணும் திங்கும், எறங்கும்போது திருப்பி குடுக்கறது ஈவிதான்.

கேள்வி: சர்வீஸ் செலவு?

ஈவில இன்ஜின் ஆயில், பிளக், கிளட்ச் எதுவும் இல்ல, ஏசி ஃபில்டர், கூலன்ட், ப்ரேக் ஆயில் அவ்ளோதான். ப்ரேக் பேட் என்னுது இன்னும் ஒரிஜினல். ஆனா டயர் தின்னும், வண்டி வெயிட்டு, கால வெச்சா சீறும். 40 ஆயிரத்துல நாலும் மாத்தினேன், பெட்ரோல் வண்டில 55 ஓடுச்சு. ஹைப்ரிடுக்கு இன்ஜினும் இருக்கு, அதனால பெட்ரோல் வண்டி சர்வீஸ் எல்லாம் அதுக்கும் உண்டு.

கேள்வி: பேட்டரிய வாடகைக்கு குடுக்கறாங்களே, கார் விலை மூணு லட்சம் கம்மி ஆகுது, எடுக்கலாமா?

எம்ஜி வின்ட்சர் 2024 செப்டம்பர்ல வந்தப்ப அப்படித்தான், கிமீக்கு மூணரை ரூபா வாடகை. அதோட வீட்டு கரன்ட் 1.33 சேருங்க, 4.83. ஹைப்ரிட் பெட்ரோலுக்கு ஆகறதும் லிட்டர் 101, 21 கிமீ, 4.81. சிரிப்பு வருதுல்ல. அது லோனோட இன்னொரு பேரு, வட்டிய கிமீல வாங்கறாங்க. கையில முன்பணம் இல்லாதவங்களுக்கு உதவும், ஜாஸ்தி ஓட்டறவங்களுக்கு ஆகாது, கம்மியா ஓட்டறவங்க மினிமம் கிமீ கண்டிஷன பாத்துட்டு எடுங்க.

கேள்வி (கேப் ஓட்டறேன், அம்பத்தூர்): மாசம் 4000 கிமீ ஓடுது ப்ரோ. வீட்ல சார்ஜ் வசதி இல்ல. சிஎன்ஜி வெச்சிருக்கேன், ஈவி மாறலாமா?

வீட்ல வசதி இல்லன்னா மாறாதீங்க. எல்லாமே ஃபாஸ்ட் சார்ஜர்னா கிமீக்கு 3.60 வரும். சிஎன்ஜி கிலோ 90 ஒட்டி, 25 கிமீ குடுத்தா அதுவும் 3.60தான். ரெண்டும் ஒண்ணுன்னா சார்ஜர்ல தினமும் ஒரு மணி நேரம் உக்காந்து சவாரிய விடணுமா? நைட்ல நிறுத்தற எடத்துல மெதுவா ஏத்தற சார்ஜர் கம்மி ரேட்டுல கெடைச்சா மட்டும் திரும்ப கணக்கு போடுங்க, அப்ப கதை மாறும்.

கேள்வி: சோலார் போட்டா கரன்ட் ஃப்ரீதானே, அப்ப ஈவி கிமீக்கு ஜீரோ?

ஜீரோ இல்ல, முன்னாடியே மொத்தமா கட்டிட்டீங்க. பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு. 3 கிலோவாட் ஒரு நாளைக்கு சராசரி 12 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 720. ஈவி வெச்சிருக்கறவங்களுக்கு இதுல ஒரு விசேஷம் என்னன்னா சோலார் மொதல்ல வெட்டறது பில்லோட உச்சி ஸ்லாப, 9.45ம் 8.40ம் மொதல்ல காலியாகும், அதனால 200 யூனிட் வீட்டுக்காரர விட உங்களுக்கு போட்ட காசு சீக்கிரம் திரும்பும். மாடில தண்ணி டேங்க் நெழல் விழாம எடம் இருக்கான்னு மதியானம் மூணு மணிக்கு ஏறி பாருங்க, காலைல பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க.

கேள்வி (குரோம்பேட்டை): அண்ணா, வீடு மாமனார் வீடு, ஈபி பில்லு அவர் கட்றாரு. ஈவி வாங்கினா எவ்ளோ யூனிட் என் வண்டிக்குன்னு எப்படி பிரிச்சு குடுக்கறது? மானப் பிரச்சனை.

சார்ஜர் லைன்ல ஒரு சப்மீட்டர் மாட்டுங்க, எலக்ட்ரிக் கடைல ஆயிரம் ரெண்டாயிரத்துல கெடைக்கும். ரீடிங் எடுக்கற அன்னிக்கே அதையும் குறிச்சுக்கோங்க. ஆனா மொத்த பில்ல யூனிட் விகிதத்துல பிரிக்காதீங்க, அது மாமனாருக்கு நஷ்டம், மேல தாம்பரம் தம்பிக்கு சொன்ன மாதிரி வண்டி இல்லாம இருந்தா அவர் எவ்ளோ கட்டியிருப்பாருன்னு பாத்துட்டு அதுக்கு மேல வந்தது முழுக்க நீங்க குடுங்க. எங்க வீட்ல அந்த சப்மீட்டர் ரீடிங் எழுதறது என் பொண்ணு, நூறு யூனிட்டுக்கு அம்பது ரூபா கூலி வாங்கறா, அத இது வரைக்கும் கிமீ கணக்குல சேக்கல, மச்சான்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க.